சரியாக 25 ஃப்ரேம்

“உன் கடிகாரத்துல ஏதோ கோளாறு இருக்குடா” என்று நண்பன் ஃபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாடியில் ஆன்டெனா, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். மூன்று வாரமாகச் செயற்கைக்கோளிடமே நேரடியாக நேரம் வாங்கிக்கொண்டிருந்த கடிகாரம் அது. ஒரு மைக்ரோ விநாடிக்குள் சரியாக இருக்கிறேன் என்று திரையில் அதுவே சத்தியம் செய்துகொண்டிருந்தது. கோளாறு உன் பக்கம் இருக்கும், பார் என்றேன்.

அவன் விடவில்லை. நாங்கள் இருவரும் எரிநட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறவர்கள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் எண்பது கிலோமீட்டர் இருக்கும். ஒரே கோடு இரண்டு கேமராவிலும் விழுந்தால், அது எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் போனது என்று கணக்குப் போடலாம். சில எரிநட்சத்திரங்கள் வழியில் ஒரு நொடி பளீரென்று வெடித்து மங்கும். அந்த வெடிப்பு எங்கள் இருவருக்கும் பொதுவான அடையாளம். அவன் ஏழு பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெடிப்பு விழுந்த ஃப்ரேமின் நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தான். ஏழிலும் என் பதிவு முந்தியிருந்தது. ஆறில் சரியாக 25 ஃப்ரேம். ஏழாவதில் 24 என்றும் சொல்லலாம், வெடிப்பு இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் மாட்டியிருந்தது.

எங்கள் கேமராக்கள் விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுப்பவை.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. மெதுவாக விலகிப் போகும் கடிகாரம் இப்படி வட்டமான எண்ணைக் காட்டாது. இன்றைக்கு 9 ஃப்ரேம், நாளைக்கு 14 என்று அலையும். ஏழு பதிவிலும் முழுசாக ஒரு விநாடி என்றால், கடிகாரம் தள்ளாடவே இல்லை. கால் ஊன்றி, அசையாமல், தவறான இடத்தில் நிற்கிறது.

சரி, முதலில் இந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டு இணையம் மொபைல் சிக்னலில் வருவது. இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் கணினி மணி கேட்கும்போது நான்கு நேரங்கள் குறிக்கப்படும்: கேள்வி கிளம்பியது, அங்கே சேர்ந்தது, பதில் கிளம்பியது, இங்கே சேர்ந்தது. இந்த நான்கை வைத்துத்தான் என்டிபி, அதாவது கணினிகள் ஒன்றிடம் ஒன்று மணி கேட்கும் நெறிமுறை, கணக்குப் போடுகிறது. அதன் முதல் வரையறையை 1985இல் எழுதியவர் டேவிட் மில்ஸ். இன்றும் அடிப்படை அதேதான். அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. போகிற வழியும் வருகிற வழியும் ஒரே நேரம் பிடிக்கும் என்பது அது. மொபைல் இணைப்பில் அப்படி இருப்பதில்லை. போகும்போது 150 மில்லி விநாடி, வரும்போது 40 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 55 மில்லி விநாடி, பிழையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை கேட்டாலும் போகாது. ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி விநாடி. ஆக, என் பதிவுகள் எப்போதும் ஒன்றிரண்டு ஃப்ரேம் அங்குமிங்கும் அலைந்துகொண்டே இருந்தன.

அந்த அலைச்சலைத் தீர்க்கத்தான் செயற்கைக்கோள் கடிகாரம். தேவைப்பட்டவை மூன்றுதான்: ராஸ்பெர்ரி பை 4 என்கிற உள்ளங்கையளவுக் கணினி, விநாடித் துடிப்புக்குத் தனி பின் உள்ள ஜிபிஎஸ் ரிசீவர் பலகை ஒன்று, வெளியே வைக்க ஓர் ஆன்டெனா. வாங்கும்போது அந்தத் துடிப்பு பின் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். யூஎஸ்பி மட்டும் உள்ள குச்சி ரிசீவர்கள் வழிகாட்ட நன்றாக இருக்கும், மணி காட்ட லாயக்கில்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கே நாளாயிற்று. ரிசீவர் நமக்கு இரண்டு வேறு வேறு சங்கதிகளைச் சொல்கிறது. ஒன்று, துடிப்பு. ஒவ்வொரு விநாடியும் பிறக்கிற கணத்தில் ஒரு கம்பியில் மின்னழுத்தம் குபுக்கென்று ஏறும். அந்த ஏற்றம் பத்து இருபது நானோ விநாடி கணக்கில் சரியாக இருக்கும். ஆனால் அது ஊமை. “இப்போது” என்று மட்டும் சொல்லும். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று சொல்லாது. இன்னொன்று, வாக்கியங்கள். துடிப்புக்குப் பிறகு சீரியல் கம்பி வழியாக எழுத்து எழுத்தாக வரும்: நேரம், தேதி, இருக்கும் இடம், தெரிகிற செயற்கைக்கோள்களின் பட்டியல். இதற்கு எல்லாம் தெரியும், ஆனால் சாவகாசமாக வரும். மணியோசை கேட்டபின், “இப்போது அடித்தது பத்தாவது மணி” என்று ஆற அமரச் சொல்லும் ஆளைப் போல.

கணினியின் வேலை இந்த இரண்டையும் சரியாகச் சோடி சேர்ப்பது. இந்த ஓசைக்கு இந்த எண் என்று. சோடி தப்பினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் நண்பனின் ஃபோன்.

அதற்கு முன் ஒரு சின்ன அவமானம். முதல் நாள் ரிசீவரை இணைத்தபோது ஒன்றுமே வரவில்லை. கம்பிகளை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: அந்த சீரியல் போர்ட்டை, பெட்டியில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ், தன் உள்நுழைவுத் திரைக்காக எடுத்து வைத்திருந்தது. பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று ஜிபிஎஸ்ஸிடம் அது கேட்டுக்கொண்டிருக்க, ஜிபிஎஸ் தன் அட்சரேகையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அணைத்ததும் வாக்கியங்கள் கொட்டின. துடிப்பை 18ஆம் எண் பின்னில் கொடுத்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அதை ஒரு வரியில் அறிவித்தால் போதும். அது எளிதாகவே முடிந்தது. துடிப்பைச் சோதிக்கும் கட்டளையைப் போட்டு, விநாடிக்கு ஒரு வரி திரையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதல் சில நாள் ஆன்டெனா ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அங்கே ஐந்தாறு செயற்கைக்கோள்தான் தெரியும். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு. அவை 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்புகின்றன. தரைக்கு வந்து சேரும்போது, ஒரு வாட்டைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி கோடியாகப் பிரித்து, அதையும் நூறாகப் பிரித்தால் கிடைக்கிற அளவுதான் மிச்சம். அதைச் சுவர் வழியாகக் கேட்க முயல்வது பேராசை. எனவே ஆன்டெனாவை மாடிக்கு ஏற்றினேன். அடியில் ஓர் இரும்புத் தகடு, நாலு பக்கமும் திறந்த வானம். தெரிகிற செயற்கைக்கோள்கள் அப்படியே இருபதைத் தாண்டின. பெருமையோடு கேபிள் நீளத்தையும் கணக்கில் சேர்த்தேன்: மீட்டருக்கு 5 நானோ விநாடி வீதம் 25 நானோ விநாடி. (இது வெறும் அலங்காரம். துடிப்பு வந்ததை ராஸ்பெர்ரி பை கவனிப்பதற்கே சில மைக்ரோ விநாடி முன்பின் ஆகும். ஆனாலும் போட்டேன். இன்னும் எடுக்கவில்லை.)

அப்புறம் செய்ததுதான் வினை. க்ரோனி என்கிற மென்பொருள்தான் என் பெட்டியில் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் அதுவரை நான்கு இணைய சர்வர்களும் இருந்தன. வானத்திலிருந்தே நேராக வரும்போது இனி இவர்கள் எதற்கு என்று நான்கையும் நீக்கினேன். துடிப்பை மட்டும் நம்பு என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஆன்டெனா மாற்றம், இந்த மாற்றம், மறு தொடக்கம் எல்லாம் ஒரே மாலையில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற ஆள் நான்.

நண்பன் சொன்னபின் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். ஏன் சரியாக ஒரு விநாடி? காகிதத்தை எடுத்து எழுத்துகளை எண்ண ஆரம்பித்தேன்.

ரிசீவர் 9600 பாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 9600 பிட் வீதம், பேசுகிறது. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து. ஜன்னல் ஓரத்தில் இருந்தபோது ஒரு சுற்று வாக்கியங்கள் ஏறத்தாழ 540 எழுத்து, அதாவது 0.56 விநாடி. என் அமைப்பில் நேரம் குறிக்கப்பட்டது சுற்று முடிகிற இடத்தில். வாக்கியம் தாமதமாக வரும் என்பதற்கு ஈடாக ஓர் எண்ணைக் கோப்பில் கொடுக்கலாம். நான் எங்கோ பார்த்த 0.2 விநாடியை யோசிக்காமல் அப்படியே போட்டிருந்தேன். கழித்தால் 0.36 மிச்சம். அரை விநாடிக்குள் இருப்பதால் எது எந்தத் துடிப்பு என்று க்ரோனிக்குச் சரியாகப் புரிந்தது. தப்பான எண் என்றாலும் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்குப் போனதும் செயற்கைக்கோள்கள் அதிகமாயின. செயற்கைக்கோள்கள் அதிகமானால் பட்டியல் நீளும். பட்டியல் நீண்டால் சுற்று முடியத் தாமதமாகும். 700 எழுத்து, 0.73 விநாடி, ரிசீவர் பேசத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 0.78. அதில் 0.2 போக 0.58. அரை விநாடியைத் தாண்டிவிட்டது. அருகில் இருக்கிற துடிப்பு எது என்று பார்த்த க்ரோனி, பத்தாவது மணியின் எண்ணைப் பதினோராவது ஓசையின் தலையில் கட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு விநாடியும் அப்படியே, துளிகூடப் பிசகாமல். கடிகாரம் சரியாக ஒரு விநாடி பின்தங்கியது. அதனால் என் பதிவுகளில் எரிநட்சத்திரம் ஒரு விநாடி முன்னதாக வெடித்தது.

ஆக, நல்ல இடத்தில் ஆன்டெனா வைத்ததால் வந்த பிழை. இதைக் கண்டுபிடித்த இரவு எரிச்சலும் சந்தோஷமும் சரிபாதி.

இதில் என்னை அதிகம் உறுத்தியது திரையில் இருந்த எண்தான். “பிழை: ஒரு மைக்ரோ விநாடிக்குள்.” அது பொய் சொல்லவில்லை. துடிப்புக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைத்தான் சொன்னது. அந்தத் துடிப்பு எந்த விநாடியினுடையது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நான்கு பேரையும் நானே வெளியே அனுப்பியிருந்தேன். மொபைல் இணைப்பில் 55 மில்லி விநாடி தப்பாகச் சொல்லும் சர்வர்தான், ஆனால் ஒரு விநாடி தப்பை அது நொடியில் காட்டிக் கொடுத்திருக்கும்.

திருத்தம் சின்னதுதான். ரிசீவரின் வேகத்தை 115200 பாட் ஆக்கினேன். இப்போது அதே 700 எழுத்துக்கு 0.06 விநாடி போதும். செயற்கைக்கோள் பட்டியலையே அனுப்ப வேண்டாம் என்று ரிசீவருக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு அது வேடிக்கை பார்க்க மட்டும்தான் உதவியது. இணைய சர்வர்கள் நான்கையும் திரும்பச் சேர்த்து, “இதை மட்டும் நம்பு” என்ற சொல்லை எடுத்தேன். வாக்கிய நேரத்தை க்ரோனி தேர்ந்தெடுக்காதபடி அளவெடுக்க மட்டும் வைத்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, உண்மையான தாமதத்தைக் கணக்கிட்டு அந்த 0.2ஐ மாற்றினேன். மறுநாள் காலை க்ரோனியின் திரையில், துடிப்பின் வரியில், இதைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்கிற நட்சத்திரக் குறி, பக்கத்தில் 377. அது எட்டை அடியாகக் கொண்ட முறையில் எழுதிய எண்: கடைசி எட்டு முயற்சியும் வெற்றி என்று பொருள். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே பழைய எண்ணையும் பழைய வேகத்தையும் செயற்கைக்கோள் பட்டியலையும் ஒருமுறை திரும்பப் போட்டேன். சில நிமிடத்தில் துடிப்பின் வரியில் பொய்யன் என்கிற பெருக்கல் குறி விழுந்தது. நான்கு பேர் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம். வாக்கெடுப்பில் வானம் தோற்றது. சரியான தீர்ப்பு.

வானத்தை ஏன் கண்ணை மூடி நம்பக்கூடாது என்று இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன், ஒரு பழைய ரிசீவரின் தயவில். மேசை டிராயரில் பல வருடமாகக் கிடந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப் போயிருந்தது. சும்மா இருக்கட்டும், இதையும் பார்ப்போம் என்று 2025 பிப்ரவரி 10 அன்று இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாக்கியம் வந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 270605. அதாவது 2005 ஜூன் 27. இரண்டுமே திங்கட்கிழமை என்று நாட்காட்டியில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஜிபிஎஸ் நாளைச் சொல்வது வார எண்ணாக. 1980 ஜனவரி 6இலிருந்து எண்ணுகிற அந்த எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம். 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் ஒருமுறை பூஜ்யமாகிவிட்டது. அடுத்தது 2038 நவம்பர். நடப்பது எத்தனையாவது சுற்று என்று ரிசீவர் தானாகத்தான் ஊகிக்க வேண்டும். என் பழைய ரிசீவர் இன்னும் போன சுற்றிலேயே வாழ்கிறது. சரியாக 1024 வாரம் பின்னால், ஆனால் துடிப்பு மட்டும் கனகச்சிதம்.

அதோடு முடியவில்லை. மணியும் 5 விநாடி முந்தியிருந்தது. உலக நேரத்தில் அவ்வப்போது கூடுதலாகச் சேர்க்கப்படும் லீப் விநாடிகளை ஜிபிஎஸ்ஸுக்குள் ஓடும் நேரம் கண்டுகொள்வதில்லை. உலக நேரத்தைவிட அது 2017இலிருந்து 18 விநாடி முன்னால் இருக்கிறது. இந்த 18ஐ ரிசீவர் கழித்துத்தான் நமக்கு மணி சொல்ல வேண்டும். கழிக்க வேண்டிய எண் செயற்கைக்கோள் செய்தியிலேயே வருகிறது, ஆனால் முழுச் செய்தியும் ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை தன் நினைவில் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றும். இந்த ரிசீவர் பிறந்த காலத்தில் அந்த எண் 13. ஒன்பது நிமிடம் கழித்து என் கண்ணெதிரே மணி 5 விநாடி பின்னோக்கிக் குதித்தது. தேதி மட்டும் 2005இலேயே நின்றது. மின்சாரம் போய் வந்ததும் முதல் கால் மணி நேரம் ரிசீவரை நம்பாதே என்பது இப்போது என் பெட்டியில் எழுதாத விதி. ராஸ்பெர்ரி பை 4இல் சொந்தமாகக் கடிகாரமே கிடையாது என்பதால் அந்தக் கால் மணி நேரத்துக்கு இணைய சர்வர்கள்தான் கதி.

செயற்கைக்கோள்களே சறுக்கியதும் உண்டு. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுத்தபோது, உலக நேரத்துக்கான திருத்தத்தில் 13 மைக்ரோ விநாடிப் பிழை புகுந்து பல மணி நேரம் ஒலிபரப்பானது. தொலைத்தொடர்புக் கருவிகள் அதற்கே அலறின. என் கேமராவுக்கு அது உறைக்கவே உறைக்காது.

கேமரா என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். பதிவுக் கணினியில் இப்போது எல்லாம் சுகம். ஆனால் வடக்குப் பக்கம் பார்க்கிற இரண்டாவது கேமரா, தானே ஃப்ரேமில் மணி பொறிக்கிற வகை. அது மணிக்கு ஒருமுறைதான் என் சர்வரிடம் நேரம் கேட்கும். கேட்டதும் எட்டிக் குதிக்கும். நடுவில், உள்ளே துடித்து நேரம் காட்டும் தன் மலிவான குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 86 மில்லி விநாடி. இது அதைவிடப் பல மடங்கு தாராளம். சட்டி நிறைய இருக்கிறது, அகப்பையில்தான் ஓட்டை. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

படிகம் பற்றி ஒரு வேடிக்கை. க்ரோனி தன் படிகம் எவ்வளவு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது என்பதைப் பதிந்துகொண்டே இருக்கும். ஒரு வாரப் பதிவை வரைபடமாக்கினால், அது நேரத்தின் படம் அல்ல, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வெப்பத்தின் படம். பகலில் ஏறி, இரவில் இறங்கி, யாரோ மின்விசிறியைப் போட்ட மாலையில் மட்டும் ஒரு பள்ளம். பெட்டியை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் கோடு பாதி அடங்கியது. இத்தனை செய்ததில் செலவில்லாமல் கிடைத்த லாபம் இதுதான்.

திருத்திய பிறகு வந்த முதல் பொதுப் பதிவு, கிட்டத்தட்ட இரண்டு வாரம் காத்திருந்து கிடைத்தது. நடு இரவு தாண்டி, கொஞ்சம் பச்சை கலந்த கோடு, நடுவில் ஒரு வெடிப்பு. என் ஃப்ரேமின் நேரத்தை அனுப்பினேன். அவன் பதில் அனுப்ப அரை மணி ஆயிற்று. ஒரே ஃப்ரேம்.

இப்போது அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. “உன் சர்வரையே என் கணினியில கொடுத்துடறேன்டா” என்றான். இணையம் வழியாக வந்தால் மறுபடி அதே 55 மில்லி விநாடிதான், நீயே ஒன்று வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் ரிசீவர் வாங்கிவிட்டான். நேற்று ஃபோன்: சிவப்பு விளக்கு கண் சிமிட்டவே மாட்டேன் என்கிறது. ஆன்டெனா எங்கே என்று கேட்டேன். புத்தக அலமாரிக்கு மேலே என்றான். சனிக்கிழமை கேபிளோடு கிளம்புகிறேன்.